நல்லதண்ணித் தீவில் ஓர் இரவு

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் கடலைக் கரையில் நின்று பார்த்தவர்கள்தான். சாயங்காலம் ரோச் பூங்காப் பக்கம் காற்று வாங்கப் போவோம். மீன் வாங்க ஏலக்கூடத்துக்குப் போவோம். மற்றபடி இருட்டிய பிறகும் கரை திரும்பாமல் கடலிலேயே ராத்திரி கிடப்பவர்கள் என்றால் மீன் பிடிக்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள், தோணிக்காரர்கள். கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு அது ஒரே ஒரு தடவை வாய்த்தது. 1979 பிப்ரவரி, சிவராத்திரிக்கு முந்தின வாரம்.

என் நண்பனின் பெரியப்பா உப்பளம் வைத்திருந்தார். கடலில் சும்மா போய்வர வேண்டும் என்ற ஆசையில் ஒரு மோட்டார் படகு வாங்கி விட்டிருந்தார். இருபத்தாறு அடி மரப்படகு, ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். ஆசை மூன்று வருஷத்தில் தீர்ந்து போய், மண்டபத்தில் ஒருவருக்கு விலை பேசிவிட்டார். லாரியில் ஏற்றி அனுப்பினால் செலவு அதிகம், கடல் வழியாகவே கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. மண்டபம் கடல் வழியில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அந்தப் படகு மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர்தான் போகும். ஆகவே வழியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். நண்பனும் நானும் லீவு போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டோம். இன்ஜின் பார்க்க ஒரு பையன். படகை ஓட்ட ஒரு தண்டல்.

மற்ற ஊர்களில் தண்டல் என்றால் வட்டி வசூலிக்க வருகிறவர்தான் நினைவுக்கு வருவார். நம் ஊரில் தண்டல் என்றால் தோணியின் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துத் தோணி ஓட்டியவர்கள் அவர்கள். எங்களோடு வந்தவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தோணியிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்கு இடைப்பட்ட நாட்களில், பெரியப்பா கேட்டதற்காக வந்தார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். ஒரு சாக்குப்பையோடு வந்தார். அதில் ஒரு போர்வை, வெற்றிலைப் பெட்டி, பிறகு கயிறு சுற்றிய ஓர் ஈயக்குண்டு. குண்டு முக்கால் சாண் நீளம், அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி. கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துணி முடிச்சு. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம்தான் ஒரு பாகம், சுமார் ஆறடி.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். பிப்ரவரியில் வாடை அநேகமாக ஓய்ந்துவிடும். விடிகிற வரைக்கும் கரையிலிருந்து மெல்லிய காற்று வரும், கடல் படிந்து கிடக்கும். பத்து மணிக்கு மேல் கிழக்கேயிருந்து கொண்டல் எழும்பும். எங்களுக்கோ கிழக்கு வடகிழக்காகப் போக வேண்டும், அதாவது கொண்டலை முகத்தில் வாங்கிக்கொண்டு. அதனால்தான் அவ்வளவு சீக்கிரம். மாதா கோவில் கோபுரம் வெகு நேரம் பின்னால் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது கடலிலிருந்து திரும்புகிறவர்கள் முதலில் பார்ப்பது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைத்தான் என்கிறார்கள். அன்றைக்கு அந்த நிலையம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

வெளிச்சம் வருகிறபோது வான் தீவைத் தாண்டினோம். அடுத்தடுத்து காசுவாரி, விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. (கடைசித் தீவைக் காரியாச்சல்லி என்றும் எழுதுகிறார்கள். எது முதல் பெயரோ, நான் காதில் கேட்டபடி எழுதுகிறேன்.) சல்லி என்றால் உடைந்து ஒதுங்கிய பவளக்கல் துண்டுகள். தீவுகளே அந்தச் சல்லியும் மணலும் சேர்ந்து மேடானவைதான், உயரம் ஒன்றும் கிடையாது. நாங்கள் கரைப்பக்கமாகப் போனோம். தீவுகளுக்கு வெளியே வெள்ளையாக அலை உடைகிற கோடு தெரிந்தது. உள்ளே தண்ணீர் குளம்போல் கிடந்தது.

எதிரே இரண்டு வள்ளங்கள் வந்தன, விளிம்பு தண்ணீரைத் தொடுகிற அளவு பாரத்தோடு. உள்ளே மீன் இல்லை, கல். பாரையால் நெம்பி எடுத்த பவளக்கல். அந்த நாளில் அது ஒளித்துச் செய்கிற வேலை அல்ல. சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், கார்பைடு தயாரிக்கப் போகும், வீட்டு அஸ்திவாரத்துக்குப் போகும். நம் ஊரில் பழைய வீடுகளை இடிக்கும்போது சுவரில் பூப்பூவாகத் துளை விழுந்த கல் வரும், பார்த்திருப்பீர்கள். அதுதான்.

அண்ணாச்சி வள்ளக்காரர்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். தெரிந்தவர்கள். அவர்கள் போன பிறகு எங்களிடம் சொன்னார்.

“அந்தக் கல்லு கிடக்கப் போய்த்தான் தம்பி, இந்தப் பக்கம் தண்ணி இப்படிக் கிடக்கு. வெளிய பாருங்க, அலை எப்படி உடையுதுன்னு. கல்லைப் பூராவும் அள்ளிட்டா தீவு நிக்காது. அப்பம் காத்து எழும்புனா எங்க போய் ஒதுங்க?”

“அவங்ககிட்டயே சொல்லலாமே அண்ணாச்சி?” என்றான் நண்பன்.

“என்னன்னு சொல்ல? அவன் வீட்டு உலை கொதிக்கது இந்தக் கல்லுலதான.”

இதைச் சொன்னபோது கோபமோ வருத்தமோ அவர் குரலில் இல்லை. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-இல். கல் எடுப்பது அடியோடு நிற்க இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. அதற்குள் விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போயிற்று. வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேர் இருந்தது, முப்பது வருஷத்தில் சுமார் 2 ஹெக்டேருக்கு வந்தது. பிறகு அரசாங்கம் அந்தத் தீவைச் சுற்றிக் கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளை இறக்கியது. அலையின் வேகம் தணிந்து மணல் மீண்டும் சேர்கிறது என்கிறார்கள். இப்போது காரைச்சல்லிக்கும் அதே வைத்தியம். கடல் இலவசமாகப் போட்டு வைத்திருந்த கல்லை எடுத்து விற்றோம், இப்போது கோடிக்கணக்கில் பணம் கொடுத்துக் கல் வார்த்துப் போடுகிறோம். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் பாரம் தாங்காமல் வந்த அந்த இரண்டு வள்ளங்கள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

வேப்பலோடை, சிப்பிகுளம், கீழ வைப்பாறு, வேம்பாறு என்று கரை இடப்பக்கம் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேப்பலோடையில்தான் 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி டாக்டர் அழகர்சாமி இந்தியாவில் முதன்முறையாகச் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். நண்பன் அதைச் சொன்னதும் அண்ணாச்சிக்கு வாய் திறந்தது. அவர் இளவயதில் சலாபம் குளித்தவர்.

1955 முதல் 1961 வரை நம் ஊரில் வருஷா வருஷம் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. பாரில் சிப்பி சேரவில்லை. அந்தக் கடைசிச் சலாபங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலர் இருக்கக்கூடும். நடுச்சாமத்தில் கரைக்காற்றைப் பிடித்துப் பாய் விரித்தால் விடிவதற்குள் பாருக்குப் போய்விடலாம், மத்தியானம் கடல்காற்றில் திரும்பிவிடலாம் என்றார். காற்றே போகவர வண்டி. காலில் கல் கட்டி இறங்குவது, ஒரு நிமிஷம் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளுவது, கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுப்பது. குளித்து எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கு, மீதி அரசாங்கத்துக்கு. சுறா வராமல் மந்திரம் போட அந்தக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவரைக் கூட்டிப் போவார்களாம். “எங்க பாட்டன் நாளுல உண்டு. எனக்கு மாதாதான்” என்றார்.

எனக்கு அந்தப் பேச்சில் பிடித்தது முத்து அல்ல. கடலுக்கு அடியில் இருக்கிற ஊரை அவர் சொன்ன விதம். பார் என்றால் அடியில் கிடக்கிற பாறைத் தளம். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் என்று ஒன்று. பாருக்கும் பாருக்கும் நடுவே மணல். கரையை ஒட்டிய ஆழமில்லாத இடங்களில் தாழை, அதாவது கடல்புல், அதை மேயத்தான் கடல்பசு வருகிறது. ஆற்று வாய்க்கு எதிரே சேறு. நாம் எந்தத் தெருவில் எந்தக் கடை என்று சொல்வதுபோல அவர் சொல்லிக்கொண்டே போனார். மேலே இருந்து பார்த்த எனக்கு எல்லாம் ஒரே தண்ணீர்.

பதினொரு மணிக்குக் கொண்டல் தொடங்கிவிட்டது. படகு மூக்கை ஆட்டி ஆட்டித் தண்ணீரை எங்கள்மேல் இறைத்தது. இன்ஜின் பையன் ஒரு தடவை வாந்தி எடுத்தான். நான் எடுக்கவில்லை, கொண்டு வந்த பரோட்டாவை யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருந்ததுதான் மிச்சம். ஒரு மணிவாக்கில் உப்புத்தண்ணித் தீவைத் தாண்டி, புலுவினிச்சல்லியையும் விட்டு, நல்லதண்ணித் தீவுக்கு வந்து சேர்ந்தோம். இந்தப் பெயர்களை வைத்தவர்களை மெச்ச வேண்டும். எந்தத் தீவில் இறங்கினால் குடிக்க முடியும், எதில் முடியாது என்று தீவின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணீருக்குத் தூத்துக்குடிக்காரன் படும் பாடு தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

நல்லதண்ணி கொஞ்சம் பெரிய தீவு, நூறு ஹெக்டேர் இருக்கும். வெள்ளை மணல் கரை. அதன் வடமேற்கு ஓரத்துக்கு வந்ததும் கொண்டலுக்குத் தீவு மறைவாகிவிட்டது. அலை சட்டென்று அடங்கியது. நண்பனுக்கு உடனே கரையை ஒட்டி நங்கூரம் போட்டுவிட்டு இறங்கிக் குளிக்க வேண்டும். பெரியப்பா படகு என்பதால் அவன் கொஞ்சம் உரிமையோடு பேசுவான்.

“இங்கயே போடுங்க அண்ணாச்சி. இடுப்பளவுதான் இருக்கும், நடந்தே போயிரலாம்.”

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. இன்ஜினை மெதுவாக்கச் சொல்லிவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார். வெயில் உச்சியிலிருந்து லேசாகச் சாய்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் அடி தெரியும், வெயில் இறங்கிவிட்டால் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகி ஒன்றும் காட்டாது என்று பிற்பாடு சொன்னார். வெளிர் பச்சை என்றால் மணல். பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் கல். கரும்பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தால் தாழை. கல்லில் நங்கூரம் பிடிக்கும், ஆனால் காலையில் விடாது, கயிற்றையும் அறுத்துவிடும். தாழையில் போட்டால் வழுக்கிக்கொண்டே வரும். மணல்தான் வேண்டும், அதுவும் கெட்டி மணல்.

அதைக் கண்ணால் மட்டும் நம்பவில்லை. ஈயக்குண்டை எடுத்தார். அடியில் இருந்த குழியில் இன்ஜின் பையனிடம் வாங்கிய கிரீஸை அப்பினார். குண்டை இறக்கி, முடிச்சை எண்ணி, மேலே தூக்கிக் குழியைப் பார்த்தார். கிரீஸில் சல்லித்தூள் ஒட்டியிருந்தது. வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். அடுத்த தடவை பச்சை நார். இப்படி ஏழெட்டு தடவை. நண்பன் பொறுமை இழந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சுழற்றினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் கரையிலிருந்து வெகுவாகத் தள்ளி ஓர் இடத்தில், இரண்டரைப் பாகத்தில், கிரீஸ் முழுக்க வெள்ளை மணல் ஒட்டி வந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு, “மாதாவே” என்று நங்கூரத்தை இறக்கினார். அதன் தலையில் தனியாக ஒரு மெல்லிய கயிறு கட்டி மிதவை விட்டிருந்தார். எங்காவது கல்லில் மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிவிடலாம். நங்கூரக் கயிற்றைப் பதினைந்து பாகம் வரைக்கும் நீள விட்டார்.

“இரண்டரைப் பாகத்துக்கு இவ்வளவு கயிறா?” என்று நான் கேட்டேன்.

“கயிறு மேல தூக்குனா நங்கூரமும் தூக்கும். கயிறு தரையோட படுத்துக் கிடந்தாத்தான் நங்கூரம் மண்ணுல குத்தி நிக்கும். கயிறு விடதுல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது தம்பி.”

“அதுக்கு இவ்வளவு தள்ளிப் போடணுமா?” இது நண்பன்.

அப்போதுதான் அவர் விளக்கினார். “இப்பம் காத்து கிழக்க. போட்டு நங்கூரத்துக்கு மேற்க கிடக்கு. ராத்திரி கொண்டல் விழுந்துரும். விடியக்காலம் கரைக்காத்து வரும், வடமேற்க இருந்து. அப்பம் போட்டு எங்க திரும்பும்? தீவைப் பாத்துல்லா திரும்பும். பதினஞ்சு பாகம் கயிறு, அது போக போட்டு நீளம். அந்த வட்டத்துக்குள்ள ஒரு கல்லு இருக்கக் கூடாது. நான் இப்பம் நிக்கத இடம் பாக்கல, விடியக்காலம் நிக்கப் போற இடம் பாக்கேன்.”

சாயங்காலம் நீந்திப் போய்க் கரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம். அண்ணாச்சி தூண்டிலில் நாலு விளைமீன் பிடித்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு பொங்கி, மிளகாயும் புளியும் மட்டும் போட்டு ஒரு குழம்பு. அந்தக் குழம்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம், வேண்டாம். என் மனைவி இதைப் படிப்பாள்.

இருட்டு அப்படியொரு இருட்டு. கரைப்பக்கம் எங்கோ இரண்டு விளக்கு, அவ்வளவுதான். கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே இருந்து மேற்கே சரிந்துகொண்டிருந்தது. தேய்பிறை, நிலா நடுச்சாமத்துக்கு மேல்தான். கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தால் பச்சையாகப் பொரி பறந்தது. படுக்கப் போகும்போது அண்ணாச்சி ஈயக்குண்டை மறுபடி எடுத்து அடியில் இறக்கி, கயிற்றைக் கொஞ்சம் தளர விட்டு, நுனியைத் தன் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டார். நங்கூரம் பெயர்ந்து படகு நகர ஆரம்பித்தால் குண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும், கயிறு இறுகி விரலை இழுக்கும். இருட்டில் அடையாளம் பார்க்கக் கோபுரமும் மரமும் தெரியாதபோது அதுதான் காவல். படகு வெறுமனே சுற்றித் திரும்பினாலும் இழுக்கும் என்பதால் அவர் எழுந்து எழுந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அது பழக்கமாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்துவிட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. பலகைக்குக் கீழே தண்ணீர் மொளுக் மொளுக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் கொண்டல் அடியோடு விழுந்தது. படகு எந்தப் பக்கமும் சேராமல் மிதந்தது. ஒரு சமயம் பக்கத்தில் ஏதோ பெரிதாக மூச்சு விட்டது, ஒரு தடவைதான். ஓங்கிலா, அவர் சொன்ன கடல்பசுவா என்று தெரியவில்லை. யாரையும் எழுப்பிக் கேட்கவும் தோன்றவில்லை.

மூன்று மணி இருக்கும். முதுகில் குளிர்ந்த காற்று பட்டது. கரையின் வாசனை வந்தது, காய்ந்த இலையும் புகையும் கலந்தது. படகு மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அண்ணாச்சி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். விரலிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தேய்ந்த நிலா கிழக்கே ஏறியிருந்தது. படகின் மூக்கு வடமேற்கைப் பார்த்து நிற்க, பின்பக்கம் தீவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. போய், கயிறு முறுக்கிக்கொண்டு நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் நண்பன் “இங்கயே போடுங்க” என்று சொன்ன இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில், நிலா வெளிச்சத்தில் தண்ணீருக்கு மேலே கறுப்பாக இரண்டு மூன்று முதுகுகள். கல். நீர் சற்று வற்றியிருந்ததால் வெளியே தெரிந்தன. எங்கள் படகின் பின்பக்கத்துக்கும் முதல் கல்லுக்கும் இடையில் இன்னொரு படகை நிறுத்தலாம், அவ்வளவு இடம் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார், கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குண்டை எடுத்து மறுபடி இறக்கினார். “படுங்க தம்பி” என்றார். பிறகு நண்பன் படுத்திருந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில் அந்தக் கல்லை அவனுக்குக் காட்டியது நான்தான். அண்ணாச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விடிவெள்ளி பளீரென்று இருக்கும்போதே கிளம்பிவிட்டோம். மிதவைக் கயிறு தேவைப்படவில்லை, நங்கூரம் ஒரே தூக்கில் வெள்ளை மணலோடு வந்தது. அன்றைக்கு வாலிமுனை, அப்பா தீவு, தலையாரி, முள்ளித் தீவு என்று ஒவ்வொன்றையும் அவர் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டே வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மண்டபம். வாங்கியவர் காத்துக்கொண்டிருந்தார்.

இன்று அந்தத் தீவுகளில் அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. அது நல்லதுதான். நான் திரும்பவும் போக வேண்டும் என்று ஆசைப்படவில்லை. தீவு இருந்தால் போதும், தண்ணீர் ஒதுங்கி நிற்க ஓர் இடம் இருந்தால் போதும்.

மண்டபத்தில் படகை ஒப்படைக்கும்போது வாங்கியவர் ஒரு காகிதத்தில் சாமான்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். நங்கூரம் ஒன்று, சங்கிலி, கயிறு, துடுப்பு இரண்டு, ஹரிக்கேன் விளக்கு. பலகையில் கிடந்த ஈயக்குண்டையும் எழுதப் போனார். அண்ணாச்சி குனிந்து அதை எடுத்து, குழியில் இருந்த கிரீஸை வேட்டி நுனியால் துடைத்து, சாக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அது போட்டோட சாமான் இல்ல” என்றார்.

ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம். பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, ஊர் வருகிற வரைக்கும் தூங்கினார்.